மேட்டு டேமில் ட்ரௌட்: டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் கடற்கரையில் தூண்டில் போட்டே வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஷேட் மீன் எப்போது கரையோரம் வரும், எந்தக் காற்றுக்கு எந்த இரை என்பதெல்லாம் தாத்தா காலத்திலிருந்து வீட்டுப் பேச்சு. ஆனால் காரில் இரண்டு மணி நேரம் மேடேறிப் போனால் டேம்களில், அதாவது பண்ணைகளில் கட்டிய நீர்த்தேக்கங்களில், கிடைக்கிற ட்ரௌட் என்ற நன்னீர் மீனைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் பதில் வராது. கொஞ்ச நாளாகக் கோயில் பந்தியிலும் கல்யாண வீட்டிலும் இதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு-நடால் மாகாணத்தை மனதில் வைத்து எழுதியவை. ம்புமலங்கா மாகாணத்தில் டல்ஸ்ட்ரூம் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

குஞ்சு விட்ட டேம் என்கிறார்களே, ஏன் விட வேண்டும்? மீன் தானாகப் பெருகாதா?

பெருகாது. இங்குள்ள டேம்களில் பெரும்பாலும் இருப்பது ரெயின்போ ட்ரௌட். அது முட்டையிட ஓடுகிற தண்ணீர் வேண்டும். பெட்டை மீன் வாலால் சரளைக் கல்லைத் தள்ளிக் குழி பறித்து, முட்டையிட்டு மூடும். கற்களின் இடுக்கில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. பண்ணை டேமின் அடியில் இருப்பதோ சேறு. அதனால் பண்ணைக்காரரோ கிளப்போ குஞ்சு பொரிப்பகத்திலிருந்து விரல் நீளக் குஞ்சுகளை வாங்கி வந்து விடுகிறார்கள். தீனி நிறைந்த டேமில் ஒன்றிரண்டு வருடத்தில் அது ஒரு கிலோ மீனாகிவிடும்.

முட்டையிடும் ஆசை மட்டும் அதற்குப் போவதில்லை. ஜூன், ஜூலையில் டேமுக்குள் ஓடை வந்து சேரும் வாய்க்குப் போய்ப் பாருங்கள். ஆண் மீன்கள் கறுத்து, கீழ்த்தாடை கொக்கியாக வளைந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். அந்த மீன்களைத் தூண்டில் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். பிடிப்பது சுலபம், ஆனால் மெலிந்து களைத்த மீன். கறியும் வெளுத்து ருசியற்றுப் போயிருக்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். டேமில் இருப்பது எண்ணி விட்ட மீன். நாம் ஒன்றை எடுத்தால் ஒன்று குறையும், அவ்வளவுதான். கடல் மாதிரி அடுத்த அலையில் இன்னொரு கூட்டம் வராது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ட்ரௌட் இந்த நாட்டு மீனா?

இல்லை. பழுப்பு ட்ரௌட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் கொண்டுவந்து, பொரிக்க வைத்து, 1890-ல் மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் விட்டார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் நடாலில் வாழ்ந்த ஜான் கிளார்க் பார்க்கர். ரெயின்போ வட அமெரிக்காவின் மேற்குக் கடலோர ஆறுகளின் மீன். அது 1897-ல் கேப் பகுதிக்கு வந்து, பிறகு எங்கும் பரவியது.

இதில் மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றுமில்லை. ட்ரௌட் ஒரு வேட்டை மீன். மலை ஓடைகளில் அது போன இடத்தில் இந்த மண்ணின் சின்ன மீன்கள் அடிவாங்கியிருக்கின்றன. மலோட்டி மின்னோ என்ற விரல் அளவு மீனை முதன்முதலில் 1938-ல் கண்டெடுத்தது டிராகன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில், உம்கோமாசானா ஆற்றில். பின்னர் அங்கே அது இல்லாமல் போனது. லெசோத்தோ மலைகளில்தான் மிச்சம். ட்ரௌட்தான் அதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. அதனால்தான் 2004-ன் பல்லுயிர்ச் சட்டம் வந்த பிறகு ட்ரௌட்டை ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று அரசுக்கும், ஃப்ளை (இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சி) போட்டு மீன்பிடிப்பவர்களுக்கும் இழுபறி.

என் கருத்து இது: பண்ணைக்குள் கட்டிய டேமில் ட்ரௌட் இருக்கட்டும், நானும் பிடிக்கிறேன். ஆனால் அது இல்லாத ஓடைக்கு ஒரு குஞ்சைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. ஒரு டேமில் பிடித்த மீனை உயிரோடு வாளியில் எடுத்துப்போய் உங்கள் மாமாவின் பண்ணையில் விடுவது சட்டத்துக்கும் விரோதம், மண்ணுக்கும் துரோகம். பிடித்து முடித்ததும் வலையையும் பூட்ஸையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடுத்த நீருக்குப் போக வேண்டும். ஒரு டேமின் நோயும் பாசியும் ஈரத்தில்தான் இன்னொரு டேமுக்குப் போகின்றன.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். காரணத்தோடுதான் கேட்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்களில் சிலர் பிழைப்புக்குத் தேர்ந்தது மீனைத்தான். டர்பன் விரிகுடாவில் கரைவலை இழுத்த இந்தியக் குடும்பங்களின் கதை இந்த ஊருக்கே தெரியும். ஆனால் கரையோரத்தில் நமக்கு இருந்த இடம் மேட்டில் இல்லை. 1953-ன் தனித்தனி வசதிகள் சட்டம் பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்துப்போட்டது. அது நீக்கப்பட்டது 1990-ல்தான். ட்ரௌட் டேம் வைத்திருந்த ஹோட்டல் வாசலில் நம் பெரியவர்கள் காரை நிறுத்தக்கூட முடியாத காலம் அது.

ஆகவே தாத்தாவுக்குத் தெரியாமல் போனது அவர் குறை அல்ல. இன்றைக்கு அந்த வாசல்கள் திறந்திருக்கின்றன. கட்டணம் கட்டினால் யாரும் போகலாம். நம் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஷேட்டின் சுபாவம் தெரிந்த கைக்கு ட்ரௌட்டின் சுபாவமும் சீக்கிரம் பிடிபடும்.

கடல் தூண்டிலையே எடுத்துப் போகலாமா?

முடியாது. கடலில் ஈயக் குண்டு பறந்து நூலை இழுத்துப் போகிறது. ஃப்ளையில் எடையே கிடையாது. இங்கே எடை லைன் என்ற தூண்டில் நூலில்தான் இருக்கிறது. தடித்த லைன் காற்றில் விரிந்து போகும்போது ஃப்ளையும் கூடவே போகிறது. அதனால் லைனின் எடைக்கு ஏற்ற ராட் (தூண்டில் கோல்) வேண்டும். இரண்டிலும் ஒரே எண் போட்டிருப்பார்கள். 5-ம் எண் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம், 6-ம் எண் 10 கிராமுக்குச் சற்று மேல். எண் கூடக் கூட லைன் கனம்.

நம் டேம்களுக்கு 9 அடி நீளம், 6-ம் எண் ராட் வாங்குங்கள். 5 என்பவர்களும் உண்டு. ஆனால் ஆகஸ்ட் மாதக் காற்றில் புதிதாகக் கற்பவருக்கு 6 தான் கைகொடுக்கும். ரீல் நூல் சுற்றி வைக்கிற சாமான், அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். மிச்சப்படுத்திய பணத்தில் நல்ல மிதக்கும் லைன் ஒன்று வாங்குங்கள். அப்புறம் பழக்கமானதும் மெதுவாக மூழ்கும் லைன் ஒன்று. லைன் நுனியில் 9 முதல் 12 அடிக்கு லீடர் என்ற மெல்லிய நூல், அதன் முனையில் ஃப்ளையைக் கட்ட இன்னும் மெல்லிய டிப்பெட் நூல். டிப்பெட்டில் 3எக்ஸ், 4எக்ஸ் என்று போட்டிருப்பதில் எண் கூடினால் நூல் மெலிகிறது என்று பொருள். 4எக்ஸ் என்றால் 0.18 மில்லிமீட்டர். பெரிய ஃப்ளைக்கு 3எக்ஸ், சிறியதற்கு 4எக்ஸ் வைத்தால் போதும்.

முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். காய்ந்த நூலை இழுத்தால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும். பெரிய மீன் அங்கேதான் அறுத்துக்கொண்டு போகும்.

வீசக் கற்றுக்கொள்வது கஷ்டமா?

ஒரு மாதம் ஞாயிறு சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தில் பழகினால் மீன் பிடிக்கிற அளவுக்கு வந்துவிடும். ஃப்ளைக்குப் பதில் சிவப்பு உல்லன் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், புல்லில் தெரியும், யார் மேலேயும் குத்தாது.

கடல் தூண்டில் பழகியவர்கள் தோள் பலத்தைப் போடுவார்கள். அது வேண்டாம். துவைத்த துணியை உதறும்போது கடைசியில் கையை வெடுக்கென்று நிறுத்துகிறோமே, அந்த நிறுத்தம்தான் இங்கே எல்லாம். ராட்டைப் பின்னால் தூக்கி, காதைத் தாண்டியதும் நிறுத்துங்கள். லைன் பின்னால் விரிந்து நேராகும் வரை பொறுங்கள். பிறகு முன்னால் தள்ளி மறுபடி நிறுத்துங்கள். ஆரம்பத்தில் தலையைத் திருப்பி லைனைப் பார்த்தே பழகுவது நல்லது. பின்னால் லைன் நேராகாமல் முன்னே தள்ளினால் அது சாட்டை மாதிரி சொடுக்கும், ஃப்ளை அறுந்து எங்கோ போய்விடும்.

12 மீட்டர் தூரம் சுத்தமாக வீச முடிந்தால் போய் மீன் பிடிக்கலாம். கரையிலிருந்து பிடிக்கிற ட்ரௌட்டில் நிறைய அதைவிடப் பக்கத்தில்தான் கிடைக்கிறது. விடியலில் பலர் தடதடவென்று தண்ணீரில் இறங்கி நடப்பதால், காலடியில் மேய்ந்துகொண்டிருந்த மீனை முதலில் விரட்டிவிட்டு அப்புறம் தூரத்தில் தேடுகிறார்கள். ஓர் ஆள் தள்ளி நின்று முதலில் விளிம்பில் வீசுங்கள்.

எந்த ஃப்ளை வாங்க வேண்டும்?

கடையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பார்த்தாலே தலை சுற்றும். டேமில் மீன் என்ன தின்கிறது என்று தெரிந்துகொண்டால் நாலைந்து போதும்.

கரையோரம் கிடக்கும் பாசியை ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டு நகர ஆரம்பிக்கும். தடித்த வயிறும் ஆறு காலுமாகப் பழுப்பு நிறத்தில் ஊர்வது தும்பியின் குஞ்சு. அது பறக்கும் முன் ஒன்றிரண்டு வருடம்கூடத் தண்ணீருக்கடியில் இருக்கும். பின்புறத்தில் நீரைப் பீச்சி விருட்டென்று பாயும். குச்சி மாதிரி மெலிந்து, வாலில் மூன்று இலை போல வைத்துக்கொண்டு நெளிந்து நீந்துவது ஊசித்தட்டான் குஞ்சு. அரிசியளவில் வளைந்து வளைந்து துடிக்கிற சிவப்பும் கறுப்புமான புழுக்கள் கடிக்காத கொசு இனத்தவை. கூடவே நத்தை, நீர்வண்டு. ட்ரௌட்டின் சாப்பாடு இதுதான்.

இப்போது பெட்டிக்கு வருவோம். தும்பிக் குஞ்சுக்கு வாக்கர்ஸ் கில்லர். தென்னாப்பிரிக்காவில் லயனல் வாக்கர் உருவாக்கிய ஃப்ளை. சிவந்த உடம்பின் இருபக்கமும் கௌதாரி இறகை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும். ஊசித்தட்டானுக்கு ரெட்-ஐ டாம்சல் என்ற பச்சை ஃப்ளை, கண் மட்டும் சிவப்பு. ஒன்றும் தெரியாத நாளில் கறுப்பு அல்லது ஆலிவ் பச்சை வூலி பக்கர். கொசுப்புழுவுக்குச் சின்னக் கறுப்பு பஸ்ஸர். மேலே மிதக்க வேண்டுமானால் டாம் சட்கிளிஃப் உருவாக்கிய டிடிடி, மான் முடியில் கட்டியது, மூழ்கவே மூழ்காது. நவம்பர் சாயங்காலம் வண்டுகள் தண்ணீரில் விழும்போது அதை வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள். எந்த ஃப்ளை என்பதைவிட எந்த வேகத்தில் இழுக்கிறோம் என்பது முக்கியம். ஊசித்தட்டான் குஞ்சு ஓரடி நீந்தி நிற்கும், மறுபடி நீந்தும். நீங்களும் லைனை விரலால் அப்படியே இழுத்து, நிறுத்தி, இழுக்க வேண்டும். பஸ்ஸரை இழுக்கவே கூடாது. காற்று நகர்த்துகிற அளவு போதும். புதியவர்கள் மீன் பிடிக்காததற்கு நான் பார்த்த முதல் காரணம், வேகமாக இழுப்பது.

இவ்வளவு பெரிய தண்ணீரில் மீன் எங்கே நிற்கும்?

நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் இரையைக் கொண்டுவந்து தரும், மீன் ஒரே இடத்தில் நின்று வாங்கிக்கொள்ளும். டேமில் மீன்தான் இரையைத் தேடிப் போக வேண்டும். ஆகவே அது போகிற பாதையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

போனவுடன் ராட்டைப் பூட்டாதீர்கள். கால் மணி நேரம் அணைக்கரையில் உட்கார்ந்து பாருங்கள். நீர்ச்செடிப் படுகை எங்கே முடிகிறது? கரை எங்கே சட்டென்று ஆழமாகிறது? பழைய ஓடையின் தடம் எந்தப் பக்கம்? ஓடை வந்து விழும் வாய் எங்கே? செடியின் விளிம்பும் ஆழத்தின் விளிம்பும் சேருகிற இடத்தில் மீன் கண்டிப்பாக வந்து போகும். காற்று அடித்தால் அது போய்ச் சேரும் எதிர்க்கரைக்குப் போங்கள். மிதக்கிற பூச்சியையெல்லாம் காற்று அங்கேதான் சேர்க்கும். காற்று முகத்தில் அடிக்கும், வீசக் கஷ்டமாக இருக்கும், மீன் அங்கேதான் இருக்கும்.

மூழ்கும் ஃப்ளை போட்டால் மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்து வரை எண்ணிவிட்டு இழுங்கள். ஒன்றும் இல்லையா? அடுத்து பத்து, அப்புறம் பதினைந்து. மீன் தட்டிய எண்ணிக்கையை மறக்காதீர்கள், அன்றைக்கு மீன் இருக்கிற ஆழம் அதுதான். தட்டியதும் கடலில் செய்வதுபோல ராட்டை ஓங்கி இழுத்தால் டிப்பெட் போய்விடும். இடது கையால் லைனை இறுக்கிப் பிடித்து ராட்டை மெதுவாக உயர்த்தினால் போதும்.

எந்த மாதம் போகலாம்?

ஆறுகளில் ட்ரௌட் பிடிக்க க்வாஸுலு-நடாலில் செப்டம்பர் முதல் மே வரைதான் அனுமதி. டேமுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தண்ணீரின் சூடு ஒரு தடை போடுகிறது. ட்ரௌட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை சுகம். 20-ஐத் தாண்டினால் திணறல். 25-ஐ நெருங்கினால் சாகத் தொடங்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். கடல் மட்டத்தில் 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் இருப்பது 20 டிகிரியில் 9 ஆகிவிடும். மேட்டில் அதையும்விடக் குறைவு. சூட்டில் மீனின் உடம்புக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்பு குறைகிறது.

ஏப்ரல், மே மாதங்கள் பொற்காலம். குளிர்காலத்தில் விடியலில் ஓட வேண்டாம். ராட் வளையத்தில் பனி உறைந்து லைன் நகராது. பத்து மணிக்குப் போய் மூன்று மணி வரை நில்லுங்கள். செப்டம்பர், அக்டோபரும் அருமை. டிசம்பர் விடுமுறையில்தான் எல்லோருக்கும் நேரம் கிடைக்கிறது, ஆனால் தாழ்வான டேம்களில் அப்போது தண்ணீர் வெதுவெதுப்பு. ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி ஆழத்தில் விட்டுப் பாருங்கள். 20-க்கு மேல் காட்டினால் ராட்டை மடித்துவிட்டு பிராய் அடுப்பை மூட்டி உட்காருங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீனை நீங்கள் விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். கோடையில் போயே ஆக வேண்டுமென்றால் 2000 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கும் ஹைமூர் போன்ற இடங்களைப் பாருங்கள்.

புழு, ரொட்டி மாவு, சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர் போடலாமா?

ஃப்ளை மட்டும்தான். ஏறக்குறைய எல்லா ட்ரௌட் டேமிலும் இதே விதி. புழு, மாவு போன்ற இரையை மீன் தொண்டைவரை விழுங்கிவிடும், அதன் பிறகு விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்.

அனுமதிச்சீட்டு, கட்டணம்?

கடலுக்குத் தபால் அலுவலகத்தில் வாங்குகிற சீட்டு இங்கே செல்லாது. உள்நாட்டு நீருக்கு மாகாண விதிகள் தனி. முன்பதிவு செய்யும்போதே என்ன சீட்டு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் காப்பகங்களில் ராட் ஒன்றுக்கு நாள் கட்டணம். தனியார் பண்ணைகளிலும் விடுதிகளிலும் கட்டணம் கூட. நாட்டிங்ஹாம் ரோடு, கம்பர்க், அண்டர்பர்க், ஹிம்வில் பக்கம் கிளப்கள் பண்ணைக்காரர்களோடு பேசி டேம்களை ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. அடிக்கடி போகிறவர்களுக்குக் கிளப்பில் சேர்வதே சிக்கனம். ஒரு டேமில் ஒரு நாளைக்கு இத்தனை ராட் என்று கணக்கு உண்டு. பதிவு செய்யாமல் ஐந்து பேர் காரில் போய் இறங்கி மனவருத்தப்படாதீர்கள்.

மீனை எடுத்து வரலாமா, விட்டுவிட வேண்டுமா?

டேமுக்கு டேம் விதி மாறும். சில இடங்களில் இத்தனை மீன் எடுக்கலாம் என்று வரம்பு. சில இடங்களில் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. எடுக்க அனுமதி உள்ள இடத்தில் வீட்டுச் சமையலுக்கு ஒன்றிரண்டு எடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. குஞ்சு விடுவதே அதற்கும் சேர்த்துத்தான். எடுக்கிறதாக முடிவு செய்தால் உடனே தலையில் தட்டிக் கொல்லுங்கள். கரையில் துடிக்க விடுவது பாவம், கறியும் கெடும்.

விடுவதாக முடிவு செய்தால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். மீன் பிழைக்குமா இல்லையா என்பது நீங்கள் அதைக் கையில் வைத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் சின்னக் கூர்முனையை வீட்டிலேயே குறடால் நசுக்கிவிடுங்கள். லைனை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் கழன்று போகாது. போராட்டத்தை இழுத்தடிக்காமல் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். வலை ரப்பர் வலையாக இருக்கட்டும். முடிச்சுப் போட்ட நைலான் வலை துடுப்பைக் கிழிக்கும். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். அதன் மேலிருக்கும் வழவழப்புதான் அதற்குத் தோல் காவல். காய்ந்த கை பட்டு அது உரிந்த இடத்தில் சில நாளில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிடும். வயிற்றை அமுக்காதீர்கள், செவுளில் விரல் விடாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். போட்டோ வேண்டுமா? முதலில் போனைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள், மீனை ஒரு மூச்சு நேரம் மட்டும் மேலே தூக்கி உடனே இறக்குங்கள். பிறகு வாலருகே மென்மையாகப் பிடித்து நிமிர்த்தி வைத்திருங்கள். தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள்.

எப்படிச் சமைப்பது? நம் மீன் குழம்புக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் கடல் மீன் மாதிரி கொதிக்க விட்டால் கரைந்து குழம்போடு போய்விடும். ட்ரௌட்டின் சதை மென்மை. புளியும் தக்காளியும் மசாலாவும் போட்டுக் குழம்பை முதலில் முழுதாகக் கொதிக்க வைத்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் மேலே மிதந்ததும் தீயைக் குறைத்து, துண்டங்களைப் போட்டு, மூடி, ஏழெட்டு நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் போதும். கடைசியில் கறிவேப்பிலை. கடல் மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்போம். இது அன்றைக்கே சாப்பிட வேண்டியது.

என்னைக் கேட்டால் வறுவல்தான். செதில் பொடியாக இருப்பதால் சுரண்ட வேண்டாம். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும் முதுகெலும்பை ஒட்டிக் கறுஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் கீறித் தண்ணீரில் அலசி எடுங்கள். கசப்பு அதில்தான். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை தடவி அரை மணி நேரம் வைத்து, தோலோடு மொறுமொறுவென்று வறுத்தெடுங்கள்.

சில டேம் மீனில் சேற்று வாடை வரும். தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி கூடினால் அதிலிருந்து வரும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் சதையில் சேர்கிறது. புளிப்பு அதை அடக்கும். அந்த மீனைப் புளிக்குழம்புக்கு ஒதுக்குங்கள். சதை ஒரு மீனில் வெள்ளையாகவும் ஒரு மீனில் இளஞ்சிவப்பாகவும் இருப்பது தீனியால். இறால் வகைச் சிறு பூச்சிகளைத் தின்ற மீன் சிவக்கும். மீன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

புரட்டாசியில் போகலாமா?

நம் வீடுகளில் புரட்டாசி மாதம் மீன், இறைச்சி கிடையாது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, டேம்கள் நன்றாக விழித்துக்கொள்ளும் நேரமும் அதுதான். பிடித்து விட்டுவிட்டால் விரதத்துக்குப் பங்கம் இல்லை என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். விட்ட மீனிலும் சில சாகும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. உயிருக்கு நோவு கொடுக்காமல் இருப்பதுதான் விரதம் என்றால் முள்ளையே தொடாமல் இருப்பதுதான் சரி. அந்த மாதத்தில் மைதானத்தில் வீசிப் பழகலாம், ஃப்ளை கட்டக் கற்கலாம். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பெரியவர்கள் வீட்டில் வேறு வழக்கம் இருந்தால் அவர்கள் சொல்படி நடங்கள்.

ஆபத்து ஏதும் உண்டா?

மின்னல். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். கோடையில் பிற்பகலில் டிராகன்ஸ்பர்க் மேல் மேகம் கறுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தலைக்கு மேல் வந்துவிடும். மரமில்லாத புல்வெளியில், கையில் 9 அடி கார்பன் ராட்டோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி காதில் கேட்ட உடனே ராட்டைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள். இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று நிற்காதீர்கள்.

புல்லில் நடக்கும்போது பஃப் ஆடர் விரியன் படுத்திருக்கும், அது விலகிப் போகாது. கணுக்கால் மூடும் பூட்ஸ் போட்டு, பார்த்துக் கால் வையுங்கள். ஃப்ளோட் ட்யூபில் (உட்கார்ந்து மிதக்கும் காற்று ட்யூப்) ஏறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது. கடலில் நீந்தத் தெரிந்தவர்களும் ஜூலை மாதத் தண்ணீரில் சில நிமிடத்தில் கை கால் விறைத்துவிடுவார்கள். கண்ணாடியும் தொப்பியும் எல்லோருக்கும், பிள்ளைகளுக்குக் கட்டாயம். காற்றில் திசைமாறிய ஃப்ளை முதலில் முகத்துக்குத்தான் வரும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

எட்டு, ஒன்பது வயதிலிருந்து தாராளமாக. முதல் நாளில் ராட்டைவிட அந்த வெள்ளைத் தட்டைக் கையில் கொடுங்கள். தும்பிக் குஞ்சு தண்ணீர் பீச்சிப் பாய்வதைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை தானாகவே ராட்டைக் கேட்கும்.

டர்பனிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா?

நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் என்றால் முடியும், என்3 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அண்டர்பர்க், ஹிம்வில் என்றால் ஒரு ராத்திரி தங்கிப் போங்கள். மேட்டில் பனிமூட்டம் இறங்கினால் சாலையும் தெரியாது, சாலையில் நிற்கும் மாடும் தெரியாது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், டேம் பக்கத்தில் கடை இருக்காது. வெயில் அடிக்கிற நாளிலும் காரில் ஒரு ஸ்வெட்டர் கிடக்கட்டும்.